வியாழக்கிழமைப் படகு

தொலைபேசியை வைத்ததும் சிவநேசம் சமையலறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்தாள். அழுகை வரவில்லை. முகம்தான் கொதித்துக்கொண்டிருந்தது. ஈரத்தைத் துடைக்காமலே வாசலுக்கு வந்தாள். அவளுடைய கணவன் அருமைராசா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சப்பாத்தில் அப்பியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்சாருங்கோ, தம்பி எடுத்தவன். லிஸ்பன்ல நிக்கிறானாம். மார்ச் மாசம் அவன்ர கப்பல் கரீபியனுக்கு வருகுதாம்."

"இஞ்ச மொன்றியலுக்கு வரேல்லையோ?"

"இஞ்ச வரேல்லை. நாங்கள் அங்க போறம்."

அருமைராசா ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

தியாகலிங்கம் சிவநேசத்தின் ஒரே தம்பி. பத்தொன்பது வயதில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ஒரு சின்னப் பையோடு கையசைத்துவிட்டுப் போனவன், பம்பாயில் ஒரு முகவரைப் பிடித்து எண்ணெய்க் கப்பலில் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு அவள் அகதியாகக் கனடா வந்தாள், கல்யாணம் செய்தாள், கஜந்தினியைப் பெற்றாள். அவன் உலகத்தைச் சுற்றினான். பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் வந்து சேர்ந்தது அவனுடைய குரல் மட்டும்தான். ஒருமுறை அவனுடைய கப்பல் மொன்றியல் கிழக்கு முனைக்கே வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அது வேறு துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டது.

இந்தமுறை 'தலாசா ஸ்டார்' என்ற அந்தக் கப்பல், சென் மார்த்தன் தீவுக்குத் தெற்கே இருக்கும் ஸ்டேஷியா என்ற சின்னத் தீவுக்கு எண்ணெய் ஏற்ற வருகிறது. சென் மார்த்தனுக்கு மொன்றியலில் இருந்து வாரம்தோறும் சுற்றுலா விமானம் போகிறது என்பதை யாரோ தியாகலிங்கத்துக்குச் சொல்லியிருந்தார்கள்.

"கரையில கால் வைக்க விடமாட்டாங்கள் அக்கா, என்னட்ட விசா இல்லை. ஆனா நீ ஒரு படகு பிடிச்சுக் கப்பலடிக்கு வந்தியெண்டா, கப்டன் என்னை இறங்க விடுவார். கேட்டுப்போட்டன்," என்று அவன் சொன்னதை அவள் அப்படியே கணவனுக்கு ஒப்பித்தாள்.

"நடுக்கடலில எண்ணெய்க் கப்பலுக்குக் கிட்டப் போறதோ? நேசம், இது விசர்க் கதை."

"கனடாப் பாஸ்போட் எடுத்து அலுமாரிக்குள்ளதானே வைச்சிருக்கிறம். அதுக்கும் ஒரு வேலை வேணும்."

அருமைராசா மற்றச் சப்பாத்தையும் கழற்றினான். அவன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறவன். கப்பல்கள் சொன்ன நாளில் வருவது எவ்வளவு அபூர்வம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் மனைவியின் முகத்தில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அதைச் சொல்லாமல் விட்டான்.

"வேலையிடத்தில கப்பல்காரர்ட கந்தோருக்கு அடிக்கடி போறனான். கப்பல் எப்ப வருமெண்டு அங்க விசாரிச்சுப் பாக்கிறன்," என்றான்.

அந்தச் சனிக்கிழமையே லவாலில் ஒரு பயண முகவரிடம் போய், மிராபெல் விமான நிலையத்தில் இருந்து புறப்படும் ஒரு வாரப் பயணத்துக்கு மூன்று பேரின் பெயரையும் கொடுத்தார்கள். முகவர் பெண் நீலக்கடல் படம் போட்ட ஒரு புத்தகத்தையும் தந்தாள். அதன் பின்பக்கத்தில் படகுக்காரர்களின் தொலைபேசி எண்கள் இருந்தன.

"கட்டமரான் எண்டு போட்டிருக்கு," என்றான் அருமைராசா பஸ்சில் புத்தகத்தைப் புரட்டியபடி. "எங்கட கட்டுமரம்தான். வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய் எங்களுக்கே வாடகைக்கு விடுறான்."

கப்பல் அந்த வாரம் புதன்கிழமை நங்கூரத்தில் நிற்கும் என்று அருமைராசா கப்பல் அலுவலகத்தில் விசாரித்து வந்தான். படகு பிடிக்கிற வேலையைச் சிவநேசம் தன் தலையில் போட்டுக்கொண்டாள். சென் மார்த்தனின் ஒரு பாதியில் பிரெஞ்சு பேசுவார்கள். வீட்டில் பெரியவர்களில் பிரெஞ்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அந்தப் பிரெஞ்சில் ஒரு சிக்கல் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பில் அவள் படித்தது கொஞ்சம். மிச்சம் முழுவதும் அவள் வேலை செய்யும் கார்த்தியர்வில் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளும் நான்கு வயதுப் பிள்ளைகளும் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் யாரையும் 'நீங்கள்' என்று கூப்பிடுவதில்லை. அதனால் சிவநேசத்தின் பிரெஞ்சில் உலகம் முழுவதும் 'நீ'தான்.

முதலில் எடுத்த படகுக்காரர், ஐம்பது பேர் போகும் பெரிய படகு இருக்கிறது, ஆடலாம், பாடலாம், ரம் குடிக்கலாம் என்றார்.

"எனக்கு ஆட்டம் வேண்டாம். எனக்கு மட்டும் ஒரு படகு வேண்டும். ஸ்டேஷியாவில் எண்ணெய்க் கப்பல் நிற்கிற இடத்துக்கு நீ என்னைக் கூட்டிக்கொண்டு போவாயா?"

"அம்மா, அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அழகான கடற்கரை ஒன்றுக்குக் கூட்டிப்போகிறேனே."

"கடற்கரை வேண்டாம். கப்பல்தான் வேண்டும்."

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது ஆள், அவள் 'நீ' என்றதும் குரலை மாற்றிக்கொண்டு, தான் எண்ணெய்க் கப்பல்களுக்குக் கிட்டே போவதில்லை என்றார். மூன்றாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பெயர் ஓடெத். படகும் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான்.

"எண்ணெய்க் கப்பலில் உனக்கு என்ன வேலை?" என்று அவளும் 'நீ' போட்டே கேட்டாள்.

சிவநேசம் சொன்னாள். பிள்ளைகளின் பிரெஞ்சில் சொன்னதால் அது மிகவும் சின்னதாக வந்தது. "என் தம்பி அந்தக் கப்பலில் இருக்கிறான். அவனுக்கு இறங்க அனுமதி இல்லை. நான் அவனைப் பார்த்துக் கனகாலம். அவன் பெரிய பையனாகிவிட்டான்."

மறுமுனையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஓடெத் கேட்டாள்: "அவனுடைய கப்டனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர் சரி என்றாராம்."

"அப்படியென்றால் நானும் சரி. கரையில் இறங்காவிட்டால் எவனும் நம்மிடம் ஒன்றும் கேட்கமாட்டான். எந்த நாள்?"

"புதன்கிழமை!" சிவநேசம் கத்தியே விட்டாள். பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த கஜந்தினி பென்சிலோடு ஓடிவந்தாள். தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு வரவேற்பறைக் கம்பளத்தில் குதித்தார்கள். கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையைத் தட்டினார்.

உறுதிக் கடிதம் கார்டெரியின் ஃபக்ஸ் இயந்திரத்துக்கு வந்தது. புதன்கிழமை, காலை ஏழு மணி, சென் மார்த்தனில் மரிகோ துறை, மூன்று பேர், திரும்பும்போதும் மூன்று பேர்தான், நான்கு பேர் இல்லை என்று ஓடெத் கையால் எழுதியிருந்தாள். அந்தக் கடைசி வரியை வாசித்துச் சிவநேசம் வாய்விட்டுச் சிரித்தாள்.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அருமைராசா வேலையில் இருந்து நேரத்தோடு வந்தான். முகம் சரியில்லை.

"நேசம், கப்பல் சுணங்கிப்போச்சு. அத்திலாந்திக்கில காத்தாம். புதன் பின்னேரம்தான் வருமாம். வெள்ளிக்கிழமை விடியவே எண்ணெய் ஏத்தப் போயிடும்."

"அப்ப வியாழக்கிழமை மட்டும்தான் நங்கூரத்தில நிக்கும்."

"ஓம். வியாழன் மட்டும்தான்."

சிவநேசம் உடனே மரிகோவுக்கு எடுத்தாள். ஓடெத் பெருமூச்சு விட்டாள். வியாழக்கிழமை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. வயதான கணவனும் மனைவியும். அவர்களுடைய நாற்பதாவது திருமண நாள். வேறு படகுக்காரர் எவரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

"அவர்களும் உன் பக்கத்து ஆட்கள்தான். லவால் என்று ஒரு இடமாமே? நான் அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்."

"நீ கேட்க வேண்டாம்," என்றாள் சிவநேசம். "என்னை வரச் சொல்லுவார்களா என்று மட்டும் கேள். நான் நேரே போய்க் கேட்கிறேன்."

அடுத்த நாள் பின்னேரம் அவளும் கஜந்தினியும் பாலம் கடந்து லவாலுக்குப் பஸ்சில் போனார்கள். பனி நன்றாகக் கொட்டியது. கையில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பருத்தித்துறை வடை. வழி முழுவதும் சிவநேசம் 'வூ, வூ, வூ' என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அதுதான் பிரெஞ்சில் 'நீங்கள்'.

"அம்மா, இண்டைக்காவது மறக்காதைங்கோ," என்றாள் கஜந்தினி.

கதவைத் திறந்த மிசியு கன்யோன் உயரமான, சிவந்த முகமுள்ள மனிதர். பின்னால் அவருடைய மனைவி மேசையில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். சிவநேசம் இருக்கையின் நுனியில் இருந்து, "வூ..." என்று தொடங்கினாள். அடுத்த வசனத்திலேயே அது கழன்று விழுந்துவிட்டது.

"நீ கோபிக்காதே மதாம். நீ எனக்கு வியாழக்கிழமையைத் தருவாயா? நான் உனக்குப் புதன்கிழமையைத் தருகிறேன். புதன்கிழமை நல்ல நாள்."

மிசியு கன்யோனின் புருவம் ஏறியது. "எங்கே பிரெஞ்சு படித்தாய்?"

"கார்டெரியில்."

அவர் வெடித்துச் சிரித்தார். கஜந்தினி வெட்கத்தில் கம்பளத்தைப் பார்த்தாள். சிவநேசம் விடவில்லை. தம்பியைப் பற்றி, கப்பலைப் பற்றி, காற்றைப் பற்றி, ஒரே ஒரு வியாழக்கிழமையைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னாள். சொல் கிடைக்காத இடங்களில் கஜந்தினி எடுத்துக் கொடுத்தாள்.

மிசியு கன்யோன் தாடையைத் தடவினார். "வியாழன்தான் சரியான திகதி. நாற்பது வருஷம்..."

"அந்தத் திகதியை இவர் முப்பது வருஷம் மறந்தவர்," என்றார் மதாம் கன்யோன், வடை ஒன்றைக் கடித்தபடி. "ஒரு நாள் முன்னுக்கு வந்தால் ஒன்றும் ஆகாது. கொடுங்கள் இவளுக்கு அந்த வியாழக்கிழமையை. ஐயோ, இது என்ன உறைப்பு! இன்னொன்று எடுக்கலாமா?"

சிவநேசம் எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்தாள். வெளியே வந்து பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் தொப்பியை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. தலை முழுக்கப் பனி. அவள் திரும்பிப் போகவில்லை. "அவ மனம் மாறமுன்னம் பஸ் வந்திட வேணும் பிள்ளை," என்றாள்.

சென் மார்த்தனில் இறங்கிய முதல் நாட்களை அவள் சரியாகப் பார்க்கவேயில்லை. கஜந்தினி கடலில் கிடந்தாள். அருமைராசா ஒரு பனைஓலைக் குடையின் கீழ் தோல் உரிய உரியத் தூங்கினான். சிவநேசம் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தாள். தெளிவான நாட்களில் தூரத்தில் மூக்குப்போல நிமிர்ந்த ஒரு மலை தெரிந்தது. அது ஸ்டேஷியா இல்லை, அதற்கு முன்னால் உள்ள சாபா என்று ஹோட்டல்காரர் சொன்னார். ஆனாலும் அவள் அந்தப் பக்கமே பார்த்தாள். கப்பல் வந்ததா என்று கேட்க அங்கே அருமைராசாவுக்கு ஒரு கந்தோரும் இல்லை.

புதன்கிழமை இருட்டியபின் ஹோட்டல் முற்றத்தில் யாரோ அவளுடைய பெயரை உடைத்து உடைத்துக் கூப்பிடுவது கேட்டது. "சீ-வா-நே-சாம்!"

கன்யோன் தம்பதியர். இரண்டு பேரும் வெயிலில் வெந்து, தலைமுடி உப்பில் விறைத்து, பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"நாங்கள் ஓடெத்திடம் சொன்னோம், கடற்கரை பிறகு, முதலில் அந்தக் கப்பலைக் காட்டு என்று," என்றார் மிசியு கன்யோன். "பின்னேரம் வரை சுற்றிச் சுற்றி நின்றோம். திரும்பலாம் என்று நினைக்கும்போது வந்தது! சிவப்பு அடிப்பாகம். தலாசா ஸ்டார். எங்கள் கண் முன்னாலே நங்கூரத்தைப் போட்டார்கள்."

"என்ன சத்தம்!" என்றார் மதாம் கன்யோன். "நான் உன் தம்பியைத் தேடினேன். எல்லோருக்கும் கையைக் காட்டினேன். அவர்களில் ஒருவன் அவன்தானே!"

அன்று சிவநேசம் விடியும்வரை கண்மூடவில்லை. ஏழு மணிக்கு முன்பே மூவரும் மரிகோ துறையில் நின்றார்கள்.

ஓடெத் குள்ளமான, கறுத்த, ஐம்பது வயதுப் பெண். பெரிய வைக்கோல் தொப்பி. அவளுடைய படகு வெள்ளை நிறம், பின்னால் இரண்டு எஞ்சின். "கடல் கொஞ்சம் துள்ளும். பிடித்துக்கொள்ளுங்கள்," என்றாள்.

துள்ளத்தான் செய்தது. தீவின் மறைவு தாண்டியதும் படகு ஒவ்வொரு அலையிலும் ஏறித் தொப்பென்று விழுந்தது. சிவநேசத்துக்குத்தான் கடல் ஒத்துக்கொள்ளாது என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்த அருமைராசா, சாபா மலை வலப்பக்கம் வந்தபோது படகின் ஓரத்தில் குனிந்து காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்தான். சிவநேசம் முன்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். உப்புத்தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்கச் சிரித்தாள்.

ஸ்டேஷியாவின் எரிமலைக் கூம்பு எழுந்து வந்தது. அதன் நிழலில் எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. படகு கிட்டே போகப் போகத் தலாசா ஸ்டாரின் சிவப்புச் சுவர் வானத்தை மறைத்துக்கொண்டு உயர்ந்தது. மேலே கம்பி ஓரத்தில் ஒரு அதிகாரி வந்து, ஒலிபெருக்கியில் விலகிப் போகும்படி கத்தினார்.

ஓடெத் எஞ்சினைத் தணித்து வானொலியை எடுத்தாள். ஆங்கிலத்தில் பேசினாள். பதில் வந்தது. மறுபடி பேசினாள். சிவநேசத்துக்கு 'சிஸ்டர்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. கை கம்பியில் ஒட்டிப்போய் இருந்தது.

"கப்டனைக் கூப்பிடுகிறார்கள்," என்றாள் ஓடெத்.

கப்பலில் இருந்து கிரேக்கச் சாயலில் ஒரு தடித்த குரல் வானொலியில் வந்தது. ஓடெத் தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். கப்பலின் பக்கவாட்டில் இருந்து ஒரு படிக்கட்டு கிறீச்சிட்டுக்கொண்டு மெல்ல இறங்கியது.

செம்மஞ்சள் உடுப்பில், தலைக்கவசத்தோடு ஒரு ஆள் இறங்கி வந்தான். தோள் அகன்று, வயிறு கொஞ்சம் தள்ளி, மீசை வைத்த ஆள். சிவநேசம் அவனுக்குப் பின்னால் தம்பி வருகிறானா என்று மேலே பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

"எங்க பாக்கிறாய் அக்கா? நான்தான்!"

கவசத்தைக் கழற்றினான். முன்மண்டை வழுக்கை. ஆனால் வலது காது மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிறந்ததில் இருந்து அது அப்படித்தான்.

"எட தம்பி! தலைமயிருக்கு என்னடா நடந்தது?"

அவளுடைய வாயில் முதலில் வந்தது அதுதான். தியாகலிங்கம் கடைசிப் படியில் நின்று, அலையில் படகு ஏறும் கணம் பார்த்துக் குதித்தான். படகு ஆட, அவனும் அவளும் ஒருவரையொருவர் பிடித்தபடி ஓடெத்தின் மீன்பெட்டிமேல் விழுந்தார்கள். விழுந்த இடத்தில் இருந்தபடியே அவள் அவனுடைய முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், பிறகு முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். மேலே கம்பியோரம் நின்ற கப்பல்காரர்கள் விசிலடித்தார்கள்.

"நாலு மணிக்குத் திரும்பி ஏறச் சொல்லிக் கப்டன் சொன்னவர்," என்றான் அவன். "அத்தான், என்ன பச்சையாப் போய் இருக்கிறியள்?"

"கதைக்காதையும். தண்ணியைத் தாரும்," என்றான் அருமைராசா.

ஓடெத் படகைத் தீவின் மறைவுக்குக் கொண்டுபோனாள். அங்கே தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அவள் தூண்டில் போட்டு இரண்டு மீன் பிடித்து, பின்பக்கத்து அடுப்பில் வாட்டினாள். அக்காவும் தம்பியும் பேசினார்கள் என்பதைவிடச் சண்டை பிடித்தார்கள் என்பதே சரி. ஏன் இன்னும் கல்யாணம் செய்யவில்லை என்று அவள் கேட்டாள். நீ ஏன் இப்படி மெலிந்தாய் என்று அவன் கேட்டான். சின்ன வயதில் சைக்கிளைக் கிணற்றுக்குள் விட்டது யார் என்பதில் இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். முடிவில், அதுவரை வாய் பொத்தியிருந்த அருமைராசா, இரண்டு பேரும்தான் என்று தீர்ப்புச் சொன்னான்.

கஜந்தினி நீரில் குதித்துவிட்டு, "மாமா, வாங்கோ!" என்று கூப்பிட்டாள்.

"எனக்கு நீந்தத் தெரியாது பிள்ளை."

"கப்பலில வேலை செய்யிறீங்கள்!"

"அதுதான் கப்பலை விட்டு இறங்கிறேல்லை."

கஜந்தினி சிரித்து உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டாள். பிறகு, கார்டெரியில் அம்மா பிள்ளைகளுக்குச் சொல்வது போல, மாமாவுக்குக் காற்றடைத்த வளையத்தைப் போட்டு, படகின் ஏணியைப் பிடித்தபடி காலடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். உலகம் முழுவதும் கடலில் அலைந்த மனிதன் ஏணியை விடாமல் கத்திக்கொண்டே கால் அடித்தான். சிவநேசம் உடுத்த சுடிதாரோடே நீருக்குள் இறங்கி, அவனுடைய வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கினாள். ஒரு கணம் அவன் ஏணியை விட்டான். மிதந்தான்.

"பாத்தியே அக்கா! பாத்தியே!"

நான்கு மணிக்குப் படகு கப்பலடிக்குத் திரும்பியது. படிக்கட்டில் கால் வைக்குமுன் தியாகலிங்கம் சொன்னான்: "ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் கிடக்கு. பேந்து நான் வாறன். படகில்லாமல் வாறன்."

"வா. வராட்டி நான் வருவன். எனக்கு இப்ப படகு பிடிக்கத் தெரியும்."

அவன் ஏறினான். பாதி வழியில் திரும்பிக் கவசத்தை ஆட்டினான். மேலே எல்லோரும் கையைக் காட்டினார்கள். சிவநேசம் அழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அழுகைக்குள்ளும் அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள்: "தொப்பி போடு! வெயில்!" அப்போது கப்பலின் சங்கு அடிவயிறு அதிர நீளமாக ஒலித்தது. ஓடெத்தும் தன் படகின் சின்ன ஊதலை அடித்துப் பதில் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் அருமைராசா தூங்கிப்போனான். கஜந்தினி துவாயால் போர்த்திக்கொண்டு மீதி மீனைத் தின்றாள். ஓடெத் சிவநேசத்தைக் கூப்பிட்டுச் சுக்கானைக் கையில் கொடுத்தாள்.

"இறுக்கிப் பிடிக்காதே. அலை வரும்போது அதோடு போ."

சிவநேசம் பிடித்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, நேரே ஓடியது. முன்னால் சென் மார்த்தனின் மலைகள் மாலை வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தன.

"இன்னும் வேகமாகப் போகலாமா?" என்று கேட்டாள்.

"நீ சொல்லு," என்றாள் ஓடெத்.